வாளிக்கு விழுந்த ஓட்டு

நகராட்சி அலுவலகத்துக்கு எதிரே, தையல் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் அமுக்கி வைத்த மாதிரி ஒரு ஜெராக்ஸ் கடை இருந்தது. அதை நடத்தியவளை வட்டாரமே ஜெராக்ஸ் அக்கா என்றுதான் கூப்பிட்டது. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். அடையாள அட்டையைக் கண்ணாடி மேல் வைத்து மூடியைச் சாத்தும் நேரத்தில் காகிதத்தில் ஒரு பிரதியும் அவள் மண்டைக்குள் ஒரு பிரதியும் விழும் என்று கேலி பேசுவார்கள். கேலியில் பாதி உண்மை. யார் வீட்டில் எத்தனை ஓட்டு, யார் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டார்கள், யார் பெயரில் எழுத்துப் பிழை என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

இருபத்துநாலு வயதில் குடைக் கட்சிக்காக வாக்குச்சாவடி ஏஜெண்டாக உட்கார்ந்தவள், இருபத்தெட்டு வருடம் அந்த நாற்காலியை விடவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு அறைதான் சாவடி. ஆயிரத்து நூற்றுச் சொச்சம் ஓட்டு. ஒவ்வொரு தேர்தலிலும் குடைக்கு அங்கே முன்னூறுக்குக் குறையாமல் கூடுதல் விழும். அவள் அப்பா தெருக்கூட்டும் தொழிலாளி. தினக்கூலியாக இருந்தவரைக் கட்சி ஆட்சிக்கு வந்த முதல் வருடம் நிரந்தரமாக்கினார்கள். மாதச் சம்பளம் என்று ஒன்று உண்டு என்பதே அந்த வீட்டுக்கு அப்போதுதான் தெரிந்தது. அப்பா போய், அம்மா போய், சின்ன வயதிலேயே புருஷனும் போன பிறகும் அந்த நன்றி மட்டும் போகவில்லை.

நாற்பது வருடம் அந்தக் கட்சி தனியாகவே ஆண்டது. பிள்ளைகள் மழை வந்தால் "கட்சியை எடுத்துட்டு வா" என்று குடையைக் கேட்கிற அளவுக்குக் கட்சியும் நாடும் ஒன்றாகிப் போயிருந்தன. எதிர்த்து நிற்பவர்கள் நிற்பார்கள், தோற்பார்கள், மறுபடி நிற்பார்கள்.

அப்படித் தோற்றவர்களில் ஒருவர் லாரிக்காரர். முப்பது லாரிக்கு முதலாளி. பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், ஒரு தேர்தல் நாளில் பதினோரு மணிக்கு, அவருடைய ஆட்கள் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தார்கள். வாசலில் மேசை போட்டு வாக்காளர்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தவன் அக்காவின் தம்பி. பஸ் டிப்போவில் மெக்கானிக்காகச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. ஒருவன் சுழற்றிய சைக்கிள் செயின் அவன் முகத்தில் விழுந்தது. இடது கண் அங்கேயே போய்விட்டது. லாரிக்காரர் தெரு முனையில் ஜீப்பை விட்டு இறங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

வழக்கு ஏழு வருடம் நடந்தது. லாரிக்காரர் பெயர் குற்றப்பத்திரிகையில் ஏறவே இல்லை, அவர் கோர்ட் வாசலை மிதிக்கவும் இல்லை. சாட்சிகள் ஒவ்வொருவராகக் கூண்டில் ஏறி "சரியா பார்க்கலைங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினார்கள். பார்த்ததைச் சொன்னவன் கண் போனவன் ஒருவன்தான். அது எடுபடவில்லை.

அந்தத் தெருவில் அக்காவுக்கு எதிரி என்று சொல்லத்தக்க இன்னொரு ஆள் டீச்சரம்மா. ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். குடைக்கு ஜென்மத்தில் ஓட்டுப் போட மாட்டார். அதை மறைக்கவும் மாட்டார். ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே போகும்போது ஏஜெண்ட் மேசைப் பக்கம் குனிந்து, "இந்தத் தடவையும் உங்களுக்கு இல்லடி, மனசுல வெச்சுக்காத" என்பார். "உங்க ஓட்டு ஒண்ணுல நாங்க கவுந்துட மாட்டோம் டீச்சர்" என்பாள் இவள். தேர்தல் முடிந்த மறுநாள் டீச்சரம்மாவின் பென்ஷன் காகிதங்களுக்குக் காப்பி எடுத்துக் கொடுப்பதும் இவள்தான்.

குடைக் கட்சி ஒரே நாளில் சாயவில்லை. ஒவ்வொரு தேர்தலிலும் பத்து இடம், பதினைந்து இடம் என்று தேய்ந்துகொண்டே வந்தது. தலைவர்களின் பிள்ளைகள் தலைவர்களானார்கள், பிள்ளை இல்லாதவர்களின் மைத்துனர்கள் தலைவர்களானார்கள். நிரந்தரமாக்கப்பட்ட துப்புரவு வேலையை ஒப்பந்தக்காரருக்குத் தூக்கிக் கொடுத்ததும் அதே கட்சிதான். அக்காவுக்கு அது தெரியும். தெரிந்தும், "மேல இருக்கறவங்க சரியில்ல, கட்சி சரியாத்தான் இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கடைசியில் ஒரு தேர்தலில் பெரும்பான்மைக்கு ஏழு இடம் குறைந்தது. நாலு சின்னக் கட்சிகளைக் கூட்டி வந்து ஆட்சி அமைத்தார்கள். கட்சி அலுவலகச் சுவரில் ஒரே படம் தொங்கிய இடத்தில் ஐந்து படங்கள் நெருக்கியடித்துக்கொண்டன.

லாரிக்காரர் அதற்குள் பழைய கட்சியை உடைத்துக்கொண்டு வந்து, வாளிச் சின்னத்தில் சொந்தக் கட்சி நடத்திக்கொண்டிருந்தார். ஆறேழு தொகுதியில் அவருக்குப் பத்தாயிரம், பதினைந்தாயிரம் ஓட்டு இருந்தது. ஜெயிக்கப் போதாது, தோற்கடிக்கப் போதும். அவரையும் கூட்டணியில் சேர்த்துக்கொள்ளப் போகிறார்கள் என்ற பேச்சு அடுத்த தேர்தலுக்கு முன்பே வந்துவிட்டது.

அக்காவின் சாவடி இருந்த தொகுதி தனக்குத்தான் என்று செயலாளர் இருந்தார். குடைக் கட்சியின் மாவட்டச் செயலாளர். அறுபத்து மூன்று வயது, முழங்கால் வலி, முப்பத்தைந்து வருடக் காத்திருப்பு. வெள்ளைச் சட்டை ஆறு தைத்து வைத்துவிட்டார் என்று பக்கத்துத் தையல்காரர் அக்காவிடம் சொல்லியிருந்தார். தொகுதிப் பங்கீட்டை டிவியில் வாசித்த அன்று மத்தியானம் அலுவலகத்தில் நாற்பது பேர் நின்றார்கள். இவர்கள் தொகுதிப் பெயர் வந்தது, பக்கத்தில் வாளி வந்தது. செயலாளர் எழுந்து டிவியை அணைத்துவிட்டு, "எல்லாருக்கும் டீ சொல்லுங்கப்பா" என்றார்.

மறுநாள் காலை அவர் கடைக்கு வந்தார். தைத்த சட்டைகளில் ஒன்றைத்தான் போட்டிருந்தார். உருளைக்குள் கசங்கிச் சிக்கிய தாளை அக்கா உருவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எதுக்கு வந்தேன்னு தெரியும்ல?"

"தெரியும்ணே. முடியாதுண்ணே."

"கட்சி முடிவும்மா."

"என் தம்பி கண்ணைப் பிடுங்குனவனுக்கு நான் போய் கதவு கதவா ஓட்டு கேட்கணுமா? உங்க நாக்குக்கே கூசலையா?"

செயலாளர் ஸ்டூலில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டார். "கூசுது. எனக்குச் சீட்டு இல்லேன்னு ஆனப்புறமும் அவனைப் பக்கத்துல நிக்க வெச்சு கைகோத்து போட்டோ எடுத்துக்கிட்டேன். எனக்குக் கூசாதா? ஆனா அவன் ஆறு தொகுதி இல்லாம நம்ம ஆட்சி வராது. ஆட்சி வரலேன்னா, எதிர்ல இருக்கறவங்க வந்ததும் முதல் வேலையா உங்கப்பா குவார்ட்டர்ஸ் இருந்த காலனியைத்தான் இடிப்பாங்க. அந்த இடத்துக்கு ப்ளான் ரெடியா இருக்கு. நூத்தி எண்பது குடும்பம். நீ வளர்ந்த இடம்."

"அதுக்கு இவன்தான் கிடைச்சானா?"

"தனியா நிக்கத் தெம்பு இருந்தப்போ நாம யாரையும் மதிக்கல. இப்போ தெம்பு இல்ல, கிடைச்சவனைத்தான் பிடிக்கணும்."

அவர் போன பிறகு அவள் கண்ணாடியை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாள். துடைத்ததையே நாலு தடவை துடைத்தாள். சாயங்காலம் வீட்டு மாடிக்குப் போனாள். மாடியில் தம்பி குடும்பம். டிப்போவிலிருந்து வந்து சோப்புப் போட்டு முழங்கை வரை கிரீஸைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"நீ போவன்னு எனக்குத் தெரியும்" என்றான், அவள் வாயைத் திறப்பதற்குள்.

"இன்னும் நான் ஒண்ணும் சொல்லலடா."

"சொல்லத்தானே மாடி ஏறி வந்த?"

"காலனி போயிடும்ங்கறாங்க."

"காலனிக்காகப் போறியா, நாற்காலிக்காகப் போறியா?"

அவளுக்குச் சுரீரென்றது. அந்தச் சாவடியில் கட்சி கூடுதல் வாங்காத தேர்தல் என்று ஒன்று இல்லை. அது தன் காலத்தில் நடக்கக்கூடாது என்ற எண்ணமும் அவளுக்குள் இருந்தது உண்மை. "ரெண்டுக்கும்தான்" என்றாள். பொய் சொல்லியிருந்தால் தம்பி சண்டை போட்டிருப்பான். உண்மையைச் சொன்னதால் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

அவள் போனாள். இருபத்தைந்து நாள், காலையில் கடை, பத்து மணியிலிருந்து தெரு. ஜனங்கள் முகத்துக்கு நேரே சிரித்தார்கள். "என்னக்கா, குடை பிடிச்ச கையில வாளியா?" என்றான் மருந்துக் கடைக்காரன். "மழைத் தண்ணியைப் பிடிக்கத்தான்" என்று அவளும் சிரித்து வைத்தாள். கேட்கக் கூடாத ஒரே கேள்வியை ஒரு கிழவர் கேட்டார்: "உன் தம்பி யாருக்கும்மா போடுறான்?" அவள் நோட்டீஸை அவர் கையில் திணித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.

டீச்சரம்மா வீட்டுக்குப் போக வேண்டாம் என்றுதான் நினைத்தாள். அவரே ஜன்னலிலிருந்து கூப்பிட்டார். உள்ளே உட்கார வைத்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"உனக்கு இது பிடிச்சுப் பண்ற வேலையாடி?"

"இல்ல டீச்சர்."

"அப்புறம் ஏன்?"

காலனிக் கதையைச் சொன்னாள். தான் வளர்ந்த அறையின் அளவையும், இப்போது அங்கே இருக்கிறவர்களையும் பற்றிச் சொன்னாள். லாரிக்காரர் நல்லவர் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் டீச்சரம்மா கதவைக் காட்டியிருப்பார்.

"எங்க ஆளுங்க காலனியை இடிப்பாங்கறது நிஜம்தான். எனக்கும் தெரியும்" என்றார் டீச்சரம்மா. "சரி போ. பார்க்கலாம்."

ஓட்டுப் போட்ட அன்று அவர் மேசைப் பக்கம் குனிந்து எதுவும் சொல்லவில்லை. அவள் தோளை லேசாகத் தட்டிவிட்டுப் போனார். அதற்கு என்ன அர்த்தம் என்று அக்காவுக்கு உடனே புரிந்தது, சந்தோஷப்பட முடியவில்லை. தம்பி ஓட்டுப் போட வரவில்லை. அவன் பெயருக்கு நேரே கட்டம் காலியாகவே கிடந்தது.

லாரிக்காரர் தொகுதியில் இருநூற்றுத் தொண்ணூறு ஓட்டில் ஜெயித்தார். அவள் சாவடியில் மட்டும் வாளிக்கு முன்னூற்றுப் பதினெட்டு கூடுதல். கணக்குப் போடத் தெரிந்தவர்கள் எல்லாரும் போட்டுப் பார்த்தார்கள். லாரிக்காரர் செயலாளருக்கு போன் செய்து, "அந்த ஜெராக்ஸ் லேடிக்கு நம்ம சார்பா ஒரு தேங்க்ஸ் சொல்லிடுங்க" என்றாராம்.

ஐந்து கட்சி ஆறு கட்சியாகி, மந்திரிசபை அமைக்கவே பதினேழு நாள் ஆனது. லாரிக்காரர் போக்குவரத்துத் துறைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று வாங்கினார். மூன்றாம் மாதம் அவர் பஸ் டிப்போவைப் பார்வையிட வந்தார்.

அன்று நடந்ததை அக்காவுக்குத் தம்பி சொல்லவில்லை. அவனோடு வேலை செய்யும் டயர் செக்‌ஷன்காரர் காப்பி எடுக்க வந்தபோது சொன்னார். மெக்கானிக்குகளை எல்லாம் சலவை செய்த காக்கியில் வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். மந்திரி ஒவ்வொருவருக்கும் கை கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறார். தம்பி முன்னால் வந்ததும் நின்றார். முகத்தைப் பார்த்தார். அடையாளம் தெரியவில்லை. தெரிய அவருக்கு என்ன இருக்கிறது, கிட்டத்தில் ஒரு நாளும் பார்த்தவர் இல்லையே.

"கண்ணுக்கு என்னப்பா ஆச்சு?" என்று கேட்டாராம், நிஜமான அக்கறையோடு.

"தேர்தல்ல போச்சு சார்."

"அடடா" என்று சொல்லிவிட்டு அவன் தோளில் கை வைத்து, பின்னால் வந்த அதிகாரியிடம், "இந்த மாதிரி ஆளுங்களுக்கு லைட் டியூட்டி போட்டுக் கொடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்தவருக்குக் கை நீட்டியிருக்கிறார்.

அக்கா எடுத்துக்கொண்டிருந்த காப்பியைப் பாதியில் விட்டாள். டயர் செக்‌ஷன்காரர், "நான் சொல்லியிருக்கக் கூடாதோ?" என்றார். "இல்லண்ணே, சொல்ல வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டு மீதியை எடுத்துக் கொடுத்தாள்.

லைட் டியூட்டி உத்தரவு நிஜமாகவே வந்தது. தம்பியைப் பணிமனையிலிருந்து எடுத்து, ஸ்பேர் பார்ட்ஸ் அறையில் பதிவேடு எழுத உட்கார வைத்தார்கள். ஒற்றைக் கண்ணோடு பத்தொன்பது வருடம் என்ஜின் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொன்னவன். ஒரு மாதம் உட்கார்ந்து பார்த்தான். பிறகு மூன்று மணி நேரம் தள்ளியிருந்த வேறு ஊர் டிப்போவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டான். சாமான் ஏற்றிய வண்டி வாசலில் நின்றபோது அக்கா வெளியே வந்தாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை திட்டிட்டாவது போடா."

"திட்ட என்ன இருக்கு? உன் வேலையை நல்லாத்தான் பார்த்த" என்றான். தம்பி மனைவி மட்டும் அவள் கையைப் பிடித்து, "உடம்பைப் பார்த்துக்கோங்க அண்ணி" என்று அழுதாள்.

பதினோராம் மாதம் லாரிக்காரர் ஆட்சியைக் கவிழ்த்தார். புதுச் சாலைகளுக்கான துறையையும் தனக்கே தர வேண்டும் என்று கேட்டார், கொடுக்கவில்லை, தன் கட்சியில் ஜெயித்தவர்களையும் கூட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் அவர்கள் அமைத்த ஆட்சியிலும் மந்திரியானார். கேட்டதைவிடப் பெரிய துறை. காலனியை இடிக்க இயந்திரங்கள் ஒரு திங்கள்கிழமை காலை வந்தன. நூற்று எண்பது குடும்பங்களும் தட்டுமுட்டுச் சாமான்களோடு ரோட்டுக்கு வந்தன. அவர்களில் நாலைந்து பெண்கள் நேராக ஜெராக்ஸ் கடைக்கு வந்தார்கள். கத்தவில்லை. "நீங்க வந்து சொன்னீங்கன்னுதானே போட்டோம்" என்று ஒருத்தி கேட்டாள். அக்கா அவர்களுக்கு மாற்று வீடு கேட்கும் மனுவை எழுதி, அத்தனை பேருக்கும் காப்பி எடுத்துக் கொடுத்தாள். அதற்கு மேல் அவளிடம் கொடுக்க எதுவும் இல்லை.

அன்று கடையைச் சாத்திவிட்டு டீச்சரம்மா வீட்டுக்குப் போனாள். கதவு திறந்தே இருந்தது.

"மன்னிச்சுக்கோங்க டீச்சர்" என்றாள், நின்றபடியே.

டீச்சரம்மா நாளிதழை மடித்து வைத்தார். "உன்மேல கோபம் இல்ல. உட்காரு. நாப்பது வருசமா தோத்த பக்கத்துக்கே ஓட்டுப் போட்டிருக்கேன்டி. ஒரு நாளும் அதுக்காக வெட்கப்பட்டதில்ல. வாழ்க்கையில நான் போட்டு ஜெயிச்சது இந்த ஒரே ஒரு ஓட்டுதான்."

அதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்தார். அவர் திட்டியிருந்தால் அக்கா அழுதிருப்பாள். சிரித்ததால் அழுகையும் வரவில்லை.

அந்த ஆட்சியும் ஒன்றரை வருடம்தான் ஓடியது. மறுபடி தேர்தல் வந்தது. செயலாளர் மறுபடி கடைக்கு வந்தார். இந்தத் தடவை ஊன்றுகோலோடு வந்தார். நெடுநேரம் பேச்சை வெயிலைச் சுற்றியும் மின்வெட்டைச் சுற்றியும் ஓட்டினார்.

"நேரா சொல்லுங்கண்ணே. யார்கூட?"

அவர் அவளைப் பார்க்காமல் சொன்னார்: "அவன்கூடத்தான் பேச்சு நடக்குது. அங்கேயும் அவனுக்குச் சரிப்படலையாம். பழசை எல்லாம் மறந்துட்டுத் திரும்பி வர்றானாம்."

"அவன் மறந்துட்டானா? பெரிய மனசுதான்."

"தனியா நின்னா டெபாசிட்டே போயிடும்மா."

"கட்சியே போயிடுச்சேண்ணே. டெபாசிட்டை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?"

செயலாளர் எழுந்தார். கடை வாசலில் நின்று, "எனக்கு வேற என்ன தெரியும் சொல்லு? இதைத்தவிர ஒரு வேலையும் நான் கத்துக்கல" என்றார். அதில் நடிப்பு இல்லை. அவளுக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது, ஆனால் கூப்பிட்டு நிறுத்தவில்லை. அவளுக்குப் பதில் யாரோ ஒரு கணினிக் கடைக்காரரை ஏஜெண்டாகப் போட்டார்கள். குடை, வாளி, இன்னும் நாலு சின்னம் எல்லாம் ஒரே நோட்டீஸில் அச்சடித்து வந்தன. அந்த நோட்டீஸை இரண்டாயிரம் காப்பி எடுக்கச் சொல்லி அவள் கடைக்கே கொண்டுவந்தார்கள். மெஷின் ரிப்பேர் என்று சொல்லி அனுப்பினாள்.

தேர்தல் நாளன்று அவள் ஓட்டுப் போடப் போகவில்லை. காலையிலேயே பஸ் ஏறித் தம்பி ஊருக்குப் போனாள். இரண்டு வருடத்தில் முதல் தடவை. கதவைத் திறந்தவன் "வா" என்றான். தம்பி மனைவி சாப்பாடு போட்டாள். அங்கே அவனை மறுபடி என்ஜின் வேலையில் போட்டிருந்தார்கள். நகக்கண்ணில் கிரீஸ் இருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு வாய் நிறையப் பேச வந்தது. ஆனால் வாடகை வீடு, தண்ணீர் வரும் நேரம், அவன் மகளின் பள்ளிக்கூடம் என்று சுற்றிச் சுற்றிப் பேசினார்கள்.

பேச்சு ஓய்ந்தபோது அவன் கேட்டான்: "இன்னைக்கு ஓட்டுன்னு ஞாபகம் இருக்கா உனக்கு?"

"இருக்கு. போடல. இனிமே போடப்போறதும் இல்ல."

"போட்டுட்டு வந்திருக்கணும்."

"நீயா சொல்ற? அன்னைக்கு நீ வரவே இல்லையேடா."

"அன்னைக்கு நின்னது அவன். அதனால வரல. இன்னைக்குக் காலையில ஏழு மணிக்கே இந்த ஊர்ல போய் வரிசையில நின்னு போட்டுட்டு வந்துட்டேன்" என்றான். "கண்ணைக் குடுத்து வாங்குன ஓட்டு. வீணாக்குறதுக்கு எனக்கு மனசு வரல. உனக்கு வருது."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்தபடியே, "யாருக்குடா போட்ட?" என்று கேட்டாள்.

"உன்கிட்ட சொல்ல மாட்டேன்" என்றான் தம்பி. கோபமாகச் சொல்லவில்லை. அந்நியருக்குச் சொல்வதுபோலச் சொன்னான்.

நாலு மணி பஸ்ஸுக்கு அவனே கூட வந்து ஏற்றிவிட்டான்.